பிழையெழுத்தும் பேச்சுமொழியும்: ஸ்லேட் குழுவின் ஒரு பாடல்

1971 அக்டோபரில் இங்கிலாந்தின் பாலிடார் நிறுவனம், ஸ்லேட் என்னும் நால்வர் குழு பாடிய ‘காஸ் ஐ லவ் யூ’ என்ற காதற் பாடலை இசைத்தட்டாக வெளியிட்டது. நவம்பர் நடுவில் அது விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை எய்தி, நான்கு வாரம் அங்கேயே நிலைத்தது. மின்னும் உடையும் முகப்பூச்சும் உரத்த கிட்டார் ஒலியும் கலந்த கிளாம் ராக் என்னும் இசைப்பாணி அந்நாட்டில் தலையெடுத்த ஆண்டு அது. மார்க் போலனின் டி. ரெக்ஸ் குழு முன்னரே அவ்வழியிற் புகழ் பெற்றிருந்தது. ஆயின் ஸ்லேட் பெற்ற வெற்றி இசைவரலாற்றோடு நில்லாமல் எழுத்தின் வரலாற்றையும் தொடுகிறது. இசைத்தட்டில் அச்சான தலைப்பிலேயே எழுத்துப்பிழை இருந்தமையே அதற்குக் காரணம்.

நால்வரும் இங்கிலாந்தின் நடுப்பகுதியில், வுல்வர்ஹாம்ப்டன், வால்சால், பில்ஸ்டன் முதலிய தொழில் நகர்ப் பகுதியில் வளர்ந்தவர்கள். நிலக்கரியும் இரும்பு உலைகளும் எழுப்பிய புகையால் ‘பிளாக் கன்ட்ரி’, அஃதாவது கரிய நாடு, எனப் பெயர் பெற்ற வட்டாரம் அது. பாடகர் நாடி ஹோல்டர், வீடுகளின் சாளரக் கண்ணாடி துடைக்கும் தொழிலாளியின் மகன். அவ்வட்டாரப் பேச்சில் பழைய ஆங்கிலத்தின் கூறுகள் இன்றளவும் எஞ்சியுள்ளன என்பர் மொழியியலார். எனினும் பள்ளிக்கூடத்தில் அது திருத்தப்பட வேண்டிய பேச்சாகவே கருதப்பட்டது.

பாடல் பிறந்த விதம் சுவையானது. பிறர் பாடலைப் பாடியே முதல் வெற்றியைக் கண்ட குழுவினரை, இனிச் சொந்தப் பாடல் எழுதுமாறு மேலாளர் சாஸ் சாண்ட்லர் வற்புறுத்தினார். முன்பு அனிமல்ஸ் குழுவில் வாசித்தவரும் ஜிமி ஹென்றிக்ஸை உலகறியச் செய்தவரும் அவரே. ஜிம் லீ வயலினுடன் ஹோல்டரின் வீட்டிற்குச் சென்றார். ஏறத்தாழ அரைமணி நேரத்தில் பாடல் முடிந்தது. ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் ஸ்தெபான் கிராப்பெலியும் பாரிசில் வளர்த்த கிட்டார், வயலின் இசையின் சாயல் அதில் உண்டு. முடிந்த பாடல் மிக மென்மையாக இருப்பதாகக் குழுவினருக்கே தோன்றியது. ஆகவே காலால் தரையை உதைக்கும் ஒலியையும் கைதட்டலையும் சேர்த்தனர். தலைப்பையும் அவ்வாறே முரடாக்கினர். ‘பிகாஸ்’ தலையிழந்து மூன்றெழுத்தாயிற்று. ‘லவ்’ என்பதன் நடுவிலிருந்த ‘ஓ’ போய் ‘யு’ வந்தது. ஒலியற்ற ஈற்று ‘ஈ’ நீங்கியது.

அதன்பின் அதுவே குழுவின் அடையாளமாயிற்று. 1972இல் ‘லுக் வாட் யூ டன்’, ‘டேக் மீ பேக் ஓம்’, ‘குட்பை டு ஜேன்’ எனத் தலைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிழையோடு வந்தன. பிள்ளைகளின் எழுத்துக் கெடுகிறது என்று பள்ளி ஆசிரியர்கள் முறையிட்டனர். அம்முறையீடு விற்பனைக்கு உதவியதேயன்றித் தடையாகவில்லை.

கவிதை எழுதுவோர் நின்று நோக்க வேண்டிய இடம் இது. இப்பிழைகள் யாவும் ஒருதன்மையன அல்ல. ‘லவ்’ என்பதை எவ்வாறு எழுதினும் ஒலி மாறுவதில்லை. அரண்மனைவாசியின் வாயிலும் அச்சொல்லை அப்படி எழுதிக் காட்ட முடியும். காதுக்கு எதுவும் புதிதாகச் சொல்லாமல், பேசுபவன் படிக்காதவன் என்று கண்ணுக்கு மட்டும் உணர்த்தும் இவ்வகையை மொழியியலார் கண்வழக்கு என்பர். நாவலாசிரியர் பலர் ஏழைப் பாத்திரங்களை எள்ளுதற்கு இதனைக் கையாண்டதுண்டு. ‘ஓம்’ அத்தகையதன்று. இல்லத்தைக் குறிக்கும் சொல்லின் முதலில் நிற்கும் ‘ஹ’ ஒலியை அவ்வட்டாரத்தார் உண்மையிலேயே விட்டுவிடுவர். ‘லுக் வாட் யூ டன்’ என்பதோ இரண்டும் கலந்தது: எழுத்து வேடம், இலக்கணம் உழைப்பாளரின் மெய்யான பேச்சிலக்கணம். வேடத்தையும் மெய்யையும் பிரித்தறியாமல் அனைத்தையும் கிளர்ச்சி என்று கொண்டாடுவது பொருந்தாது; அனைத்தையும் வணிகத் தந்திரம் என்று ஒதுக்குவதும் பொருந்தாது. முதல் தலைப்பு வேடமாகத் தொடங்கியது. ஆனால் அந்த வேடம் திறந்த வாயில் வழியேதான் மெய்யான பேச்சும் அச்சில் நுழைந்தது.

இதன் அருமையை உணர ஜான் கிளேரை நினைத்தல் தகும். நார்த்தாம்டன்ஷயர் உழவுத் தொழிலாளியான அக்கவிஞரின் முதல் நூல் 1820இல் வெளிவந்தது. அவர்தம் எழுத்தையும் நிறுத்தக்குறியையும் பதிப்பாளர் ஜான் டெய்லர் திருத்தியே அச்சிட்டார். கிளேரின் கையெழுத்துப்படியிற் கண்டவாறே பாடல்களைப் பதிப்பிக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. வுல்வர்ஹாம்ப்டன் இளைஞர்களுக்கோ அத்தகைய திருத்துநர் வாய்க்கவில்லை. அவர்களுடைய மேலாளர் பிழையை ஊக்கினார்.

1973இல் ‘கம் ஆன் ஃபீல் த நாய்ஸ்’ வெளியான வாரத்திலேயே நேரே முதலிடத்தில் நுழைந்தது. அமெரிக்காவில் மட்டும் குழுவிற்கு அத்தகைய வரவேற்பு அப்போது கிட்டவில்லை. பத்தாண்டு கழித்து, 1983இல், கலிபோர்னியாவின் குவயட் ரயட் குழு அதே பாடலைப் பாடி அந்நாட்டுப் பட்டியலில் ஐந்தாம் இடம்வரை உயர்ந்தது. பாடியவர்கள் கரிய நாட்டின் பேச்சை அறியாதவர்கள். எனினும் தலைப்பிலிருந்த பிழையெழுத்துகளில் ஒன்றையும் அவர்கள் திருத்தவில்லை.