ஐந்து பொத்தான்கள்: ரிமோட்டும் கட்டளையின் வரலாறும்

2008இல் பழைய கணினி ஒன்றை வீட்டு டி.வி.யோடு இணைத்து, அதற்கு ஒரு ரிமோட்டைப் பழக்குகிற வேலையில் ஒரு மாதம் போல உட்கார்ந்திருந்தேன். 'பழக்குவது' என்றுதான் சொல்ல வேண்டும், மாட்டைப் பழக்குகிற மாதிரி. கணினிக்குள் டி.வி. ட்யூனர் அட்டை இருந்தது. கேபிளில் வருகிற நிகழ்ச்சியைப் பதிவு செய்யலாம், நிறுத்தலாம், பழைய படங்களைச் சேர்த்துவைத்துப் போட்டுப் பார்க்கலாம். பகலெல்லாம் வீட்டில் அம்மா தனி. அவள் மடியில் விசைப்பலகையைத் தூக்கி வைக்க முடியாது. ஆகவே ரிமோட். விஷயம் இவ்வளவுதான் என்றுதான் நானும் நினைத்தேன். வேலை முடிவதற்குள், ஒரு பொத்தானுக்கு என்ன அர்த்தம் என்பதைத் தீர்மானிக்கிறவர் யார் என்கிற கேள்வியில் வந்து மாட்டிக்கொண்டேன்.

ரிமோட்டுக்குத் தான் என்ன சொல்கிறோம் என்றே தெரியாது. அதன் நுனியிலுள்ள எல்.ஈ.டி., கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விநாடிக்கு 36,000 அல்லது 38,000 தடவை என்கிற வேகத்தில் விட்டுவிட்டு எரிக்கிறது. அந்தத் துடிப்பைக் கொத்துக் கொத்தாக வெட்டித்தான் செய்தி போகிறது. பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆர்.சி.-5 முறையில் ஒரு செய்தி மொத்தம் 14 பிட். அதில் 5 பிட் யாருக்கு என்பது, 6 பிட் என்ன செய் என்பது. முகவரி பூஜ்யம் என்றால் டி.வி. கட்டளை 16 என்றால் சத்தத்தைக் கூட்டு, 17 என்றால் குறை. ஆனால் 'சத்தம்' என்கிற சமாச்சாரம் அந்த ஒளியில் எங்கும் கிடையாது. இருப்பது வெறும் 16. அதைச் சத்தம் என்று படிப்பது பெட்டிக்குள் ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்ட ஒப்பந்தம். குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இடையில் இயற்கையான உறவு எதுவுமில்லை என்று சசூர் சொன்னதைப் படித்தபோது எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. இந்த 14 பிட்டில் முழுசாக விளங்கிற்று என்றால் சிரிக்காதீர்கள்.

அந்த ஒப்பந்தத்தை எழுதுகிற உரிமை தொடக்கத்திலிருந்தே தயாரிப்பாளர் கையில்தான். அமெரிக்காவில் சிகாகோவைச் சேர்ந்த ஜெனித் கம்பெனி 1950இல் 'லேஸி போன்ஸ்' என்று ஒரு ரிமோட்டை விற்றது. பெயருக்கு அர்த்தம் சோம்பேறி. பெட்டியிலிருந்து நீண்ட ஒயரின் முனையில் பொத்தான். நடுக்கூடத்தில் கிடந்த ஒயரில் ஆட்கள் தடுக்கி விழுந்தார்கள். 1955இல் அதே கம்பெனியின் யூஜின் பாலி ஒயரில்லாத 'ஃப்ளாஷ்-மேட்டிக்' கொண்டுவந்தார். அது துப்பாக்கி வடிவத்தில் இருந்த ஒரு டார்ச். திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் கண்கள். எந்த மூலையைச் சுடுகிறோமோ அதற்கேற்ற வேலை நடக்கும். மறு வருஷம் 1956இல் ராபர்ட் ஆட்லர் செய்த 'ஸ்பேஸ் கமாண்ட்' வந்தது. சோம்பேறி, துப்பாக்கி, கட்டளை. ஆறே வருஷத்தில் பெயர்கள் எங்கிருந்து எங்கே போயிருக்கின்றன பாருங்கள். பனிப்போர்க் காலம் வேறு.

ஆட்லரின் கருவியில் பேட்டரி கிடையாது. பேட்டரி தீர்ந்தால் ஜனங்கள் டி.வி.யே கெட்டுப்போச்சு என்று நினைப்பார்கள் என விற்பனைப் பிரிவு பயந்தது. ஆகவே அவர் உள்ளே நான்கு அலுமினியத் தண்டுகளை வைத்தார். பொத்தானை அழுத்தினால் ஒரு சின்னச் சுத்தியல் தண்டைத் தட்டும். மனிதக் காதுக்கு எட்டாத ஒலி கிளம்பும். நீளத்துக்கேற்ப ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு சுருதி. அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளப் பெட்டிக்குள் ஆறு வால்வுகள் கூடுதலாகத் தேவைப்பட்டன. விலை சுமார் 30 சதவீதம் ஏறியது. நான்கு பொத்தான்களும் இவை: போடு-அணை, சேனல் மேலே, சேனல் கீழே, நான்காவது சத்தத்தை நிறுத்து.

நான்காவதைக் கவனிக்க வேண்டும். சத்தத்தைக் கூட்ட, குறைக்கக்கூட இடமில்லாத கருவியில் சத்தத்தை நிறுத்துவதற்கு ஒரு தண்டை ஒதுக்கியிருக்கிறார்கள். கம்பெனித் தலைவர் யூஜின் மெக்டொனால்டுக்கு விளம்பரங்கள் என்றால் ஆகாது. ஃப்ளாஷ்-மேட்டிக்கை விற்றதே, தொல்லை தரும் விளம்பரத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே வாயடைக்கலாம் என்று சொல்லித்தான். ரிமோட்டின் பிறப்பில் பார்வையாளர் திருப்பிப் பேச முடியாவிட்டாலும் எதிராளியின் வாயை மூட முடியும் என்கிற ஒரு சின்ன எதிர்ப்பு இருந்தது. மெக்டொனால்டு புனிதர் ஒன்றும் இல்லை. விளம்பரத்துக்குப் பதில் பார்க்கிறவனிடமே காசு வாங்கும் 'ஃபோன்விஷன்' திட்டத்தை 1951இல் சிகாகோவில் 300 குடும்பங்களிடம் 90 நாள் சோதித்துப் பார்த்தவர் அவர். வாயை மூடுவதிலும் ஒரு வியாபாரக் கணக்கு இருந்தது. இருந்தாலும் தண்டு தண்டுதான்.

கட்டளை இருக்கிற இடத்தில் இரைச்சலும் இருக்கிறது. ஃப்ளாஷ்-மேட்டிக்கில் ஜன்னல் வழியாக வெயில் அடித்தால் சேனல் தானாக மாறும். ஸ்பேஸ் கமாண்டுக்கு சாவிக்கொத்துக் குலுங்கினால் போதும். 1980களில் அகச்சிவப்பு அந்த ஒலியை ஓரங்கட்டிய பிறகும் கதை மாறவில்லை. இதை எங்கள் வீட்டு டியூப்லைட் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

நான் பயன்படுத்தியது 'லிர்க்' என்கிற மென்பொருள். லினக்ஸ் கணினிக்கு அகச்சிவப்பு ரிமோட்டைப் பழக்குவதற்கென்றே தன்னார்வலர்கள் எழுதியது. ஒளியை வாங்கும் கண்ணை நானே சால்டர் வைத்துச் செய்தேன். மூன்று கால் உள்ள டி.எஸ்.ஓ.பி. 1738, ஒரு 5 வோல்ட் ரெகுலேட்டர், ஒரு டயோடு, ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர். கணினியின் சீரியல் போர்ட்டிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொண்டு அதே போர்ட்டின் இன்னொரு ஊசியில் செய்தியைக் கொடுக்கும். மூன்று நாள் ஒன்றுமே வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, லினக்ஸின் வழக்கமான சீரியல் டிரைவர் அந்தப் போர்ட்டை முன்னாடியே பிடித்து வைத்திருந்தது. அதை விடச்சொல்லி ஒரு வரி எழுதினதும், திரையில் துடிப்பும் இடைவெளியுமாக எண்கள் கொட்டின. யாரும் ரிமோட்டைத் தொடாதபோதும் கொட்டின. எலெக்ட்ரானிக் சோக் போட்ட டியூப்லைட், ரிமோட்டின் அதிர்வெண்ணுக்குப் பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. கண்ணை அலமாரியின் கீழ்த்தட்டுக்கு, விளக்கு படாத இடத்துக்கு மாற்றியதும் அடங்கியது.

லிர்க்கில் இரண்டு கோப்புகள். முதலாவதில் துடிப்புக்குப் பெயர் வைக்க வேண்டும். பழக்கும் நிரல் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தச் சொல்லும். ஒவ்வொரு துடிப்புக்கும் திரையில் ஒரு புள்ளி வைக்கும். இரண்டு வரி புள்ளி நிரம்பியதும் இந்த ரிமோட்டின் இலக்கணம் தெரிந்துவிட்டது என்கும். பிறகு பெயரைக் கேட்கும். ரிமோட்டுக்கு 'அம்மா' என்று வைத்தேன். இரண்டாவது கோப்பில் பெயருக்குச் செயலை எழுத வேண்டும்: எந்த நிரலில், எந்தப் பொத்தானுக்கு, என்ன நடக்கணும், அழுத்திப் பிடித்தால் திரும்பத் திரும்ப நடக்கணுமா வேண்டாமா. தயாரிப்பாளர் பெட்டிக்குள் பூட்டிவைத்த ஒப்பந்தம் இங்கே என் வீட்டு மேசையில், திருத்தக்கூடிய வெறும் எழுத்தாகக் கிடந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அப்பாவுக்குப் பிடித்த பாட்டு பாட வேண்டுமா? பாடும். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பத்துச் சொச்சம் பொத்தானுக்கும் வேலை கொடுத்தேன்.

அம்மா இரண்டாம் நாளே ஏதோ ஒன்றை அழுத்தி, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுகிற ஓரிடத்துக்குப் போய்விட்டாள். நான் சாயங்காலம் திரும்பி வரும்வரை அது அப்படியே கிடந்தது. "நான் கெடுத்துட்டேனாடா?" என்றாள். அந்தக் குரலில் இருந்த கூச்சம் என்னை என்னவோ செய்தது. அன்று ராத்திரியே கோப்பைத் திறந்து வெட்டினேன். போடு-அணை, சேனல் மேலே, சேனல் கீழே, சத்தம் கூட்டு, சத்தம் குறை. ஐந்தே ஐந்து. மற்ற பொத்தான்கள் ஒளியை விடும், கணினி கேட்கும், ஆனால் ஒன்றும் நடக்காது. எளிமை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு எத்தனை கட்டளைகள் தேவை என்று அம்மாவிடம் கேட்கவில்லை என்பது அப்போது உறைக்கவே இல்லை. அதிகாரம் பற்றி மேடையில் பேசத் தெரிந்தவன் நான். வீட்டில், இரண்டாவது கோப்பில், ஒரு கம்பெனியாகியிருந்தேன்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். லிர்க்கின் பிற்கால வடிவங்களில் பொத்தானுக்கு நிலையான பட்டியலிலுள்ள பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று ஆச்சு. சொந்தப் பெயர் வேண்டுமானால் தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். 2010இல் ரிமோட்டைப் படிக்கிற வேலை லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே வரத் தொடங்கியது. சௌகரியம்தான், மறுக்கவில்லை. எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாக டி.வி. ரிமோட்டின் பொத்தான்களே கணினிக்குப் போய்ச்சேருகிற சி.இ.சி. வசதி பரவிய பிறகு சால்டரும் வேண்டாம், கண்ணும் வேண்டாம். ராஸ்பெர்ரி பை போன்ற குட்டிக் கணினியில் கோடியைப் போட்டால் அதுபாட்டுக்கு நடக்கும். ஆனால் எந்தப் பொத்தானைக் கணினிக்குத் தாண்ட விடுவது, எதைத் தானே விழுங்கிவிடுவது என்று முடிவு செய்வது டி.வி. தயாரித்தவர். 2011இல் நெட்ஃபிளிக்ஸ் தன் பெயர் பொறித்த பொத்தானை மற்றவர்களின் ரிமோட்டில் வைப்பதாக அறிவித்தது. விளம்பரத்தின் வாயை அடைக்கப் பிறந்த கருவியின் உடம்பே விளம்பரப் பலகை ஆயிற்று. அந்தப் பலகையில் முதலில் இடம்பிடித்தது மெக்டொனால்டு 1951இல் சோதித்த அதே யோசனை, பார்க்கிறவனே காசு கட்டுகிற வியாபாரம்.

திரும்ப 2008. ஐந்து பொத்தான் ஏற்பாட்டுக்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். நாடகத்துக்கு நடுவே விளம்பரம் வந்தது. அம்மா ரிமோட்டை நீட்டி, மூலையிலிருந்த ஒரு பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். பிறகு சத்தம் குறைக்கும் பொத்தானை விரல் வலிக்க வலிக்க முப்பது தடவை அழுத்தினாள். "எதும்மா வேலை செய்யலை?" என்றேன். "பழைய பெட்டில இது அழுத்தினா வாயை மூடும்டா. இதுல இல்லைபோல. பரவாயில்லை" என்றாள். இரண்டு வாரமும் அப்படியேதான் செய்துகொண்டிருந்திருக்கிறாள். 1956இல் நான்கே தண்டுகள் இருந்த கருவியில் ஒன்றை எதற்கு ஒதுக்கினார்களோ, அதை நான் ஐந்தில்கூடச் சேர்க்கவில்லை.

கோப்பில் ஆறு வரி எழுத வேண்டியிருந்தது. எழுதி, நிரலை நிறுத்தி மறுபடி கிளப்பினேன். அம்மா அழுத்திப் பார்த்தாள். சத்தம் நின்றது. விளம்பரம் முடிந்து நாடகம் திரும்பி வந்தும் அவள் சத்தத்தை வைக்கவில்லை. பக்கத்து வீட்டம்மா வாசலில் வந்து நின்றிருந்தார். அவரோடு பேசப் போய்விட்டாள், ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு.