பினாங்கில் பிறந்த நம் பிள்ளைகள்



சில ஆண்டுகளுக்கு முன் நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், மலேசியாவின் பினாங்கிலிருந்து ஒரு குடும்பத்தார் நம் தேவிபட்டினத்துக்கு வந்தனர். முதியவர் ஒருவர், அவருடைய மனைவி, மகள், கல்லூரியில் படிக்கும் பேரன் என நால்வர். அவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை. பழுப்பேறிய தாள் ஒன்றை மட்டும் நெகிழி உறைக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தனர். அதில் இருந்தவை அரபு எழுத்துகள் என்பதால் ஊரார் அவர்களை நேரே மத்ரஸாவுக்கு அழைத்து வந்துவிட்டனர்.

தாளை வாங்கிப் பார்த்தோம். எழுத்து நமக்குத் தெரிந்த எழுத்து, மொழியோ தெரியாத மொழி. மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி முறை அது. வரி வரியாக எழுத்துக் கூட்டிச் சென்றபோது இரண்டு சொற்கள் மட்டும் விளங்கின. ஒன்று ஓர் ஆணின் பெயர். மற்றொன்று ‘தேவிபட்டணம்’. அந்த முதியவரின் தாயார், தம் கணவரின் ஊரை மகன் மறந்துவிடக் கூடாதென்று எழுதிவைத்த குறிப்பாம் அது. நம் பாட்டிமார் தமிழை அரபு எழுத்தில் எழுதி மார்க்கம் படித்த அதே நாள்களில், கடலுக்கு அப்பால் ஒரு பெண்மணி அதே எழுத்தில் நம் ஊர்ப் பெயரை எழுதிவைத்திருக்கிறார்.

அவர்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்நாட்டில் ஜாவி பெரானக்கான் என்று பெயர். ‘அனாக்’ என்றால் மலாய் மொழியில் பிள்ளை. அதிலிருந்து வந்த பெரானக்கான் என்பது அம்மண்ணில் பிறந்தவரைக் குறிக்கும். தமிழ் முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்த வழியினரே இவர்களுள் மிகுதி. நம் கரையின் வரலாற்றைப் பேசுவோர் வள்ளல் சீதக்காதியையும் உமறுப் புலவரையும் சொல்லிப் பெருமை கொள்கின்றனர். அது தக்கதே. ஆனால் கப்பலேறிச் சென்றவர்கள் அங்கே யாரை மணந்தார்கள், அவர்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயக் கொடியை ஏற்றியபோதே நம்மவர் அங்கு வந்து சேரத் தொடங்கிவிட்டனர். ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்களில் வந்து போவதாக 1794இல் அவரே எழுதினார். சூலியா என்று அவர்களை அழைத்தனர். அப்பெயர் சோழ என்பதிலிருந்து வந்தது என்பர். 1801இல் காதிர் முகைதீன் மரைக்காயரின் முயற்சியில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் ஜார்ஜ் டவுன் நகரின் நடுவே நிற்கிறது. மரைக்காயர் என்னும் நம் பட்டம் அங்கே ‘மெரிக்கான்’ ஆயிற்று. தமிழில் ஒரு சொல்லும் அறியாத மலாய்க் குடும்பங்கள் பல இன்றும் அப்பெயரைத் தாங்கியிருக்கின்றன. கப்பல், கடை, பெட்டி போன்ற நம் சொற்களும் மலாயில் குடியேறிவிட்டன. ‘மாமா’ என்ற முறைப்பெயர் ‘மாமக்’ ஆகித் தமிழ் முஸ்லிம்களின் உணவுக்கடைக்கே பெயராயிற்று.

மலாய் இலக்கியத்தின் புதுயுகத்தைத் தொடங்கியவரென அறிஞர்கள் போற்றும் முன்ஷி அப்துல்லாஹ்வின் குடும்பக் கதையைப் பாருங்கள். 1796இல் மலாக்காவில் பிறந்தவர் அவர். அவருடைய முப்பாட்டனார் யமன் நாட்டு அரபியர். நாகூருக்கு வந்து ஓதிக்கொடுத்து, அங்கேயே மணமுடித்தார். அவருடைய மகன்களுள் ஒருவர் மலாக்காவுக்குச் சென்று, மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். அப்பெண்ணின் பெயர் பெரியாச்சி. மலாய் உரைநடையின் தந்தைக்குப் பாட்டி ஒரு பெரியாச்சி என்பதை நம் பிள்ளைகளுக்கு எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. அன்றைய மலாக்காவில் வணிகர் மொழியாகத் தமிழ் இருந்ததால், தந்தையார் தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதையும் அப்துல்லாஹ் தம் வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார்.

இக்குடும்பங்களின் பிள்ளைகள் வாணிபத்தோடு நிற்கவில்லை. 1876இல் சிங்கப்பூரில் வெளிவந்த முதல் மலாய்ச் செய்தித்தாளை நடத்தியவர்கள் இவர்களே. அதன் பெயரே ‘ஜாவி பெரானக்கான்’. மலாய் மேடை நாடகமான பங்சாவானின் முதல் குழுவை 1885இல் பினாங்கில் அமைத்தவர் மாமக் புஷி என்பவர். அவரும் இவ்வழியினரே.

இனி, வந்திருந்த பேரன் காட்டியதைச் சொல்ல வேண்டும். அன்று அஸர் தொழுகைக்குப் பின் அவன் தன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். மத்ரஸாப் பிள்ளைகள் அனைவரும் அவனைச் சூழ்ந்துகொண்டனர். ஒரே நிற ஆடை உடுத்திய இளைஞர்கள் வரிசையாக ஆடிப் பாடுகின்றனர். முன்னே ஒருவர் பாட்டை எடுத்துக் கொடுக்க, மற்றவர் திருப்பிப் பாடுகின்றனர். இடையே ஒரு நகைச்சுவை நாடகம். அதுதான் போரியா. அந்த வரிசையில் மூன்றாவதாக நின்றவன் இவன்.

பினாங்குக்கே உரிய கலை போரியா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதராஸ் படைப்பிரிவின் முஸ்லிம் சிப்பாய்கள் முஹர்ரம் மாதத்தின் முதல் பத்து நாள்களில் கர்பலா நிகழ்வை நினைந்து பாடிச் சென்றதிலிருந்து அது தோன்றியது என்பர். சிப்பாய்களிடமிருந்து அதை எடுத்துக்கொண்டவர்கள் ஜாவி பெரானக்கான் இளைஞர்கள். நாளடைவில் துயரப் பாட்டு போய் வேடிக்கைப் பாட்டு வந்தது. குழுக்கள் வீடு வீடாகச் சென்று, வீட்டுக்காரரைப் புகழ்ந்து பாடிப் பரிசு பெற்றன. குழுக்களுக்குள் பகையும் மூண்டது. 1867 ஆகஸ்டில் பினாங்கைப் பல நாள்கள் உலுக்கிய கலவரத்தில் சீனச் சங்கங்களோடு சேர்ந்து மோதிய வெள்ளைக்கொடி, செங்கொடிக் கூட்டத்தாருக்கும் முஹர்ரம் ஊர்வலங்களுக்கும் தொடர்பிருந்தது.

கூட்டத்திலிருந்த பெரியவர் ஒருவர், “ஹஜ்ரத், இதெல்லாம் கூடுமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம் காலத்தில் எழுந்த கேள்வியுமன்று. போரியாவின் கேடுகளைச் சாடி 1922இல் பினாங்கிலேயே ஒரு நூல் வெளிவந்தது. அதை எழுதியவரின் தந்தை பெயர் சுல்தான் மைதீன் என்பதிலிருந்தே, கண்டனமும் அக்குடும்பங்களுக்குள்ளிருந்தே எழுந்தது என அறியலாம். முஹர்ரத்தின் பத்து நாள்களைக் கேளிக்கையில் கழிப்பதை நாமும் ஏற்கவில்லை. ஆஷூரா நாள் நோன்புக்குரியது. ஆனால் இன்று போரியா முஹர்ரத்தோடு கட்டுண்டதன்று. போட்டிகளிலும் அரசு விழாக்களிலும் பாடப்படுகிறது. பாட்டின் பொருள் நல்லதா, அவையின் ஒழுங்கு எத்தகையது என்று பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டுமெனப் பெரியவரிடம் கூறினோம். அவர் முழுதாக நிறைவடையவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இத்தகைய விழாக்கள் அந்நாடுகளில் இப்போது பெருகியிருக்கின்றன. ஜார்ஜ் டவுன் 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அந்நாளையொட்டி ஆண்டுதோறும் நகரத்துச் சமூகங்கள் தெருக்களில் தங்கள் கலைகளையும் உணவையும் காட்சிப்படுத்துகின்றன. சிங்கப்பூரின் இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் மலாக்கா செட்டிகளைப் பற்றிய கண்காட்சியை அமைத்தது. அவர்களும் தமிழ் வணிகருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த வழியினர், சமயத்தால் இந்துக்கள். 2023இல் மீண்டும் திறக்கப்பட்ட பெரானக்கான் அருங்காட்சியகத்தில் சீனப் பெரானக்கான்களோடு ஜாவி பெரானக்கான்களுக்கும் இடமுண்டு. ஒரு காலத்தில் கலப்புப் பிறப்பை மறைத்துப் பேசியவர்களின் பேரப்பிள்ளைகள், பாட்டியின் கெபாயாச் சட்டையை அணிந்து மேடையில் நின்று, இரு பக்கத்து முன்னோரின் பெயரையும் சொல்கின்றனர்.

அங்கேயும் இது எளிதில் வந்துவிடவில்லை. ‘கெலிங்’ என்ற சொல் முற்காலத்தில் கலிங்கத்திலிருந்தும் தென்னாட்டிலிருந்தும் வந்தவரைக் குறித்த வெறும் பெயர். பிற்காலத்தில் அது வசைச்சொல்லாயிற்று. மலேசிய அரசியல் சட்டம் 1957இல் மலாய்க்காரர் யார் என்பதற்கு இஸ்லாம், மலாய்ப் பேச்சு, மலாய் வழக்கம் ஆகியவற்றை அளவுகோலாக்கியது. அதன் பின் தமிழ்ப் பாட்டனை நினைவில் வைத்துக்கொள்வதில் பலருக்கு ஆதாயம் ஏதும் இருக்கவில்லை.

நம் பக்கத்துக் குறை அதைவிடப் பெரிது. பினாங்கில் பிறந்த தம்பியை ‘மலாய்க்காரி மகன்’ என்று அழைத்த வாய்களை நாம் அறிவோம். ஊர் திரும்பிய தந்தையோடு வந்த பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேச மறுத்த வீடுகளையும் அறிவோம். தந்தை மவுத்தானபின் சொத்தைப் பிரிக்கும்போது, அங்குள்ள பிள்ளைகளைக் கணக்கில் கொள்ளாமலே பத்திரம் எழுதிய குடும்பங்கள் இக்கரையில் உண்டு. மார்க்கம் வகுத்த பாகத்தில் தாயின் இனம் எங்கே வருகிறது? நிக்காஹ் செய்த மனைவியின் மகன் எந்தக் கரையில் பிறந்தாலும் மகனே. வெள்ளி மேடைகளில் வட்டியைப் பற்றிப் பேசும் நாம், விழுங்கப்பட்ட இந்தப் பாகங்களைப் பற்றி எத்தனை முறை பேசியிருக்கிறோம்? இக்கேள்வி எமக்கும் சேர்த்தே.

நபி (ஸல்) அவர்களின் அன்புக்குரிய உஸாமா (ரலி) அவர்களின் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தந்தை ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அரபியர், வெண்ணிறத்தவர். தாய் உம்மு ஐமன் (ரலி) அபிசீனியப் பெண்மணி. மகன் கறுநிறத்தவர். நிற வேற்றுமையைக் காட்டி அவருடைய பிறப்பையே சிலர் ஐயுற்றனர். ஒரு நாள் தந்தையும் மகனும் ஒரே போர்வைக்குள் முகம் மூடிப் படுத்திருக்க, கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அங்க அடையாளம் அறியும் முஜஸ்ஸிஸ் என்பவர் அக்கால்களைக் கண்டு, இவை ஒன்றுக்கொன்று உறவுடையவை என்றார். அதைக் கேட்டு நபியவர்கள் முகம் மலர வீட்டுக்குள் வந்து ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொன்னதாக ஸஹீஹ் புகாரியில் வருகிறது. பின்னர் இருபது வயதுகூட நிரம்பாத அந்த உஸாமாவையே, மூத்த ஸஹாபாக்கள் இருந்த படைக்குத் தளபதியாக்கினார்கள்.

வந்தவர்களின் கதைக்குத் திரும்புவோம். பெயரைக் கொண்டு வீட்டைக் கண்டறிய இரண்டு நாள் ஆயிற்று. அவர்களின் தந்தை ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து சென்றவர். போருக்குப் பின் ஊர் திரும்பியவர் மீண்டும் போகவே இல்லை. இங்கேயே மவுத்தாகிவிட்டார். அவருடைய இவ்வூர் மனைவிக்குப் பிறந்த மகள் எண்பதைத் தாண்டிய மூதாட்டியாக இன்னும் இருந்தார். வீட்டு ஆண்கள் சிலர் திண்ணையில் கூடித் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டனர். நிலத்துக்காக வந்திருக்கிறார்களோ என்ற அச்சம். மொழிபெயர்த்துச் சொல்ல ஆளைத் தேடி அமர்த்தியபின் அந்த முதியவர் சொன்னது ஒன்றே: வாப்பாவின் கப்ரைப் பார்க்க வேண்டும்.

மூதாட்டி அவருடைய கையைப் பிடித்து, விரல்களை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். “வாப்பா வெரலு மாதிரியே இருக்கு” என்றார். பிறகு, “ஒங்க உம்மா பேரு என்ன?” என்று கேட்டார். எழுபது ஆண்டுகளாக அந்த வீட்டில் யாரும் கேட்டிராத பெயர் அது. முதியவர் சொன்னார். அன்று மஃரிபுக்குப் பின் கப்ருகளுக்காக ஓதிய துஆவில் அந்தப் பெண்மணியின் பெயரையும் சேர்த்துக்கொண்டோம்.