காற்றை ஓட்டும் இரும்பு

1871 டிசம்பர் 12 அன்று ஒரு முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தமிழகத்தைக் கடந்தது. அதைப் பார்க்க ரோமிலிருந்து வந்த லொரென்சோ ரெஸ்பிகி புதுக்கோட்டையில் கருவிகளை நிறுத்தினார். கிரகணம் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. அதே பயணத்தில் சென்னையில் அவர் பார்த்த இன்னொன்றுதான் எனக்குப் பெரிது. தென்வானத்துக் காமா ஆர்கஸ் விண்மீனின் ஒளியை அவர் முப்பட்டகம் வழியே பிரித்தார். வழக்கமான கறுப்புக் கோடுகளுக்குப் பதில் அகன்ற ஒளிக்கோடுகள் தெரிந்தன. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1867-ல், பாரிஸில் வுல்ஃப், ராயே என்ற இருவர் இப்படிப்பட்ட மூன்று மங்கலான விண்மீன்களைக் கண்டிருந்தார்கள். அந்த இனத்திலேயே மிகப் பிரகாசமானது நம் மண்ணிலிருந்து அடையாளம் காணப்பட்டது.

நான் கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலையின் லேப்பில் கெமிஸ்ட். கோடுகளை வைத்துப் பொருளைச் சொல்வதுதான் என் பிழைப்பு. மாசியில் செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால், சிதம்பரம் சாலை போகும் தெற்குத் திசையில் அந்த விண்மீன் நிற்கும். இன்று அதற்குக் காமா வெலோரம் என்று பெயர். ஆயிரம் ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கும் ஓர் இரட்டை அது. அந்த ஒளிக்கோடுகள் இரட்டையில் ஒன்றினுடையவை.

கோடுகள் ஏன் அவ்வளவு அகலம்? 1929-ல் கனடாவின் பீல்ஸ் பதில் சொன்னார்: விண்மீனிலிருந்து வாயு எல்லாத் திசையிலும் பெருவேகத்தில் வெளியேறுகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக் கேம்பிரிட்ஜ் போன சந்திரசேகர் 1934-ல் அந்தக் கருத்தைக் கணிதமாக்கி, பாயும் அணுக்கள் எந்த வடிவில் கோடுகளைத் தரும் என்று எழுதினார். ஒளி அணுவைத் தள்ளும் என்பதை மேக்நாத் சாகா 1919-லேயே ஆராய்ந்திருந்தார். ரெஸ்பிகி பார்த்தது ஒரு காற்று. அது வினாடிக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது. ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டில் ஒரு சூரியன் அளவுப் பொருளை அள்ளிப் போகிறது.

இந்தக் காற்றை ஓட்டுவது எது? 1970-ல் லூசியும் சாலமனும், 1975-ல் காஸ்டர், ஆபட், கிளைன் மூவரும் அதை விளக்கினார்கள். சூடான விண்மீன் பெரும்பாலும் புறஊதா ஒளியைக் கொட்டுகிறது. அணு தனக்குரிய கோட்டில் அந்த ஒளியை உறிஞ்சும்போது ஓர் உந்தல் கிடைக்கிறது. வேகம் கூடக்கூட அது உறிஞ்சும் நிறம் நகர்வதால், அதுவரை எதுவும் தொடாத ஒளி அதற்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் இத்தகைய கோடுகள் மிகக் குறைவு. இரும்புக்கோ ஆயிரக்கணக்கில் உண்டு. சூரியனின் நிறையில் இரும்பின் பங்கு ஆயிரத்தில் ஒன்றைச் சற்றே தாண்டும். பெரிய விண்மீன்களின் புயலை ஓட்டுவதில் முதல் பங்கு அந்தச் சிறு அளவுக்குத்தான்.

நம் பால்வெளிக்கு அருகிலுள்ள சிறிய மெகல்லன் மேகம் என்ற விண்மீன் மண்டலத்தில், இரும்பு உள்ளிட்ட கனத் தனிமங்கள் சூரியனில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். அங்குள்ள பெரிய விண்மீன்களின் காற்றும் நலிந்தது. காமா வெலோரம் போன்றவை தாமே சமைத்த கார்பனை ஏராளமாக வெளியே கொட்டுகின்றன. அப்படியிருந்தும், அவற்றின் காற்று, விண்மீன் பிறக்கும்போது பெற்ற இரும்பையே பெரிதும் நம்பியிருக்கிறது என்று 2005-ல் வெளியான கணக்கீடு காட்டியது.

லேப்பில் பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவுகளோடு வாழ்பவனுக்கு, இவ்வளவு சிறு அளவு இரும்பு ஒரு புயலையே ஓட்டுகிறது என்பது நெஞ்சில் தைக்கும் செய்தி. இதே சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர் மக்கள் 2004-ல் காற்றை வாளியில் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பது அறிவியலின் முதல் கேள்வி. அதைக் கேட்டவர்களை நான் மதிக்கிறேன்.

அந்தக் கேள்வி இன்னும் தூரம் போகிறது. காற்று வலுவாக வீசினால் விண்மீன் இளைத்துச் சாகும்; இரும்பு குறைந்து காற்று நலிந்தால் கனமான கருந்துளை மிஞ்சும். 2015 செப்டம்பர் 14 அன்று பதிவான முதல் ஈர்ப்பலை, சூரியனைப் போல் சுமார் 30 மடங்கு கனமுள்ள இரு கருந்துளைகள் மோதியதில் பிறந்தது. அவ்வளவு கனம் மிஞ்ச வேண்டுமானால் அவற்றின் தாய் விண்மீன்களில் இரும்பு குறைவாக இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அந்த விளக்கத்துக்குப் போகும் வழியில் 1871-ன் சென்னை இருக்கிறது. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டும்.