ராணுவ அரிசியும் சிவில் கோழியும்

என் தங்கை மகன் வில்லியனூர்ப் பக்கம் முப்பது நாற்பது கோழிகள் வளர்க்கிறான். போன மாதம் போயிருந்தபோது கேட்டான்: "மாமா, கல்யாண மண்டபத்துல மீந்த சோறு சும்மாவே கொடுக்கிறாங்க. தீவன மூட்டைக்கு எதுக்குக் காசு? நிறுத்திடலாமா?"

மூட்டையில் தைத்திருந்த சீட்டை எடுத்துப் படித்தேன். குமாஸ்தாவாக இருந்தவன், எழுத்தைக் கண்டால் விடமாட்டேன். தயமின், கால்சியம் பான்டோதினேட் என்று வரிசையாகப் பெயர்கள். இதே சிக்கனத்தை நூற்று முப்பது வருடங்களுக்கு முன்பே ஜாவாவில் செய்து பார்த்துவிட்டார்கள் என்று அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது ஜாவா டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. சிப்பாய்களும் கைதிகளும் பெரிபெரி நோயில் கால் மரத்து, வீங்கி, இதயம் நின்று செத்துக்கொண்டிருந்தார்கள். கிருமியைப் பிடிக்க 1886-ல் ஒரு குழு வந்தது. அதில் வந்த கிறிஸ்டியான் எய்க்மன் என்ற இளம் டாக்டர், பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார். கோழிகளுக்கு நோயாளியின் ரத்தத்தை ஊசி போட்டுப் பார்த்தார். கோழிகள் தள்ளாடி விழுந்தன. ஆனால் ஊசி போடாத கோழிகளும் விழுந்தன! பிறகு நவம்பர் மாதக் கடைசியில் எல்லாம் தானாகவே தேறிவிட்டன. மனிதர் குழம்பிப்போனார்.

விசாரித்ததில் தெரிந்தது இது. கூடத்து வேலையாள் செலவை மிச்சம் பிடிக்க, ஜூன் 17 முதல் ஆஸ்பத்திரிச் சமையலறையில் மீந்த வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறான். நவம்பரில் புதுச் சமையல்காரர் வந்தார். ராணுவ அரிசியை சிவில் கோழிக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். கோழிகள் பழையபடி தவிடு நீக்காத அரிசிக்குத் திரும்பின, பிழைத்தன.

அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். எந்தத் தலைப்பில் வாங்கிய சரக்கு எந்தத் தலைப்பில் செலவாகிறது என்று ஆட்சேபணை எழுதினால் நம்மைத் திட்டாதவர் யார்? அந்தச் சமையல்காரர் வைத்த ஆட்சேபணையில்தான் வைட்டமினே பிறந்தது. அவர் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

எய்க்மன் தீட்டிய அரிசி, தீட்டாத அரிசி என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து விஷயத்தை உறுதி செய்தார். ஆனால் காரணத்தைத் தவறாகச் சொன்னார். சோற்றின் மாவுப்பொருள் குடலில் விஷத்தை உண்டாக்குகிறது, அதற்கு மாற்று மருந்து தவிட்டில் இருக்கிறது என்றார். 1896-ல் ஊர் திரும்பினார். அவருக்காக வோர்டர்மன் என்ற சுகாதார அதிகாரி 101 சிறைகளில் கணக்கெடுத்தார். வெள்ளை அரிசி தின்ற கைதிகளில் 39 பேருக்கு ஒருவருக்கு பெரிபெரி. தவிடு போகாத அரிசி தின்றவர்களில் 10,000 பேருக்கு ஒருவர். அவருக்குப் பின் அந்த வேலையைப் பார்த்த கெரிட் கிரைன்ஸ்தான் 1901-ல் சரியாகச் சொன்னார்: விஷமும் இல்லை, முறிவும் இல்லை, உடம்புக்கு வேண்டிய ஏதோ ஒன்று வெள்ளை அரிசியில் குறைகிறது என்று. பச்சைப்பயறு கொடுத்தும் கோழிகளைக் காப்பாற்றினார்.

1929-ல் நோபல் பரிசு எய்க்மனுக்கும் இங்கிலாந்தின் ஹாப்கின்ஸுக்கும் போனது. கிரைன்ஸ் அப்போது உயிரோடுதான் இருந்தார். குறிப்பு எழுதுகிறவன் ஒருவன், கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவர் என்பது நம் ஆபீசில் மட்டும் இல்லை போலிருக்கிறது. எய்க்மன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோழியை உற்றுப் பார்த்தவர் அவர். ஆனாலும் பரிசில் கிரைன்ஸ் பெயர் இல்லாதது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

பிரெஞ்சு வகுப்பில் 'சோன்' என்ற ஒரே சொல்லுக்கு மூன்று பொருள் படித்தோம்: அவனுடைய, ஓசை, தவிடு. தவிடு என்ற பொருளை யாரும் பெரிதாக மதித்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். தவிடு மாட்டுக்கும் கோழிக்கும், வெள்ளைச் சோறு நமக்கு. நம் மக்களைக் காத்தது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. மலாயாவில் வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் விழ, புழுங்கல் தின்ற தமிழர்களுக்கு அது அபூர்வமாக இருப்பதைப் பிராடன் என்ற டாக்டர் கவனித்து, 1907-ல் புத்தகமே எழுதினார்.

1912-ல் ஃபங்க் என்பவர் 'வைட்டமின்' என்று பெயர் வைத்தார். தவிட்டுச் சத்தை, அதாவது தயமினை, 1936-ல் ரசாயன முறையில் செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். பாதிரியார் குடும்பம், பிறந்தது நம் பழைய சென்னை ராஜதானியின் நெல்லூரில். அவர் தம்பி ரோஜர் பிறந்தது ஊட்டியில். தம்பி கண்டுபிடித்த பான்டோதினிக் அமிலம்தான் கோழிக்குஞ்சுகளுக்கு வரும் ஒரு தோல் நோயைத் தடுக்கும் சத்து என்று 1939-ல் தெரிந்தது. நான் பார்த்த தீவனச் சீட்டில் அண்ணன் சரக்கும் தம்பி சரக்கும் அடுத்தடுத்த வரியில் இருந்தன.

தங்கை மகன் பொறுமையாகக் கேட்டான். "அப்ப சோறே போடக்கூடாதா மாமா?" என்றான். போடு, ஆனால் அதுவே சாப்பாடு ஆகிவிடக்கூடாது என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். மண்டபத்துச் சோற்று வாளியும் இருந்தது, மூலையில் புது மூட்டையும் இருந்தது.