நோயுற்ற குழந்தைகளும் ஊராரின் ஆறுதற்பணியும்

சாலைக் கடைவீதி திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் தோன்றியதும், அங்கே தமிழ் வணிகர் பலர் வந்து குடியேறியதும் நம் சிறுவரும் அறிந்த கதை. இவ்வாண்டு மலரில் அதே நகரில் வளர்ந்த வேறொரு பணியின் வரலாற்றைக் கூற விழைகிறோம். கடுநோயுற்றோர்க்கு, அவருள்ளும் குழந்தைகளுக்கு, மருத்துவரும் ஊராரும் கூடி ஆற்றும் பணி அது. மலையாள அன்பர்கள் அதனைச் 'சாந்த்வன சிகிச்சை' என்பர்.

குழந்தையின் நோய் மாளிகை, குடிசை என்று பார்ப்பதில்லை. திருவிதாங்கூர் அரச குடும்பத்து இளவரசர் அவிட்டம் திருநாள் இதய நோயால் 1944-இல் மறைந்தபோது அவருக்கு வயது ஆறு. அவர் நினைவாக 1952-இல் எழுந்ததே தாய்சேய் நலத்துக்குரிய ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை. 1981-இல் வட்டாரப் புற்றுநோய் மையமும் இந்நகரில் நிறுவப்பெற்றது. நோயைத் தீர்க்கும் வழிகள் பெருகின. ஆயினும், தீராத நோயோடு வீடு திரும்பும் குழந்தையை யார் கவனிப்பது என்ற வினா எஞ்சி நின்றது.

இவ்வினாவுக்கு விடை முதலில் வெளிநாட்டில் பிறந்தது. 1967-இல் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். குழந்தைகளுக்கென்றே ஹெலன் இல்லம் ஆக்ஸ்போர்டில் 1982-இல் திறக்கப்பெற்றது. நம் நாட்டில் பம்பாயில் 1986-இல் சாந்தி அவேதனா இல்லம் தோன்றியது.

கேரளம் கண்ட வழி வேறு. நோயாளரை இல்லத்துக்கு வரவழைக்காமல், உதவியை அவர்தம் வீட்டுக்கே அனுப்பும் வழி அது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் வலி தணிப்புச் சங்கம் ஒன்றை நிறுவினர். பின்னர் ஆசிரியர், வணிகர், இல்லத்தரசியர் எனச் சாதாரண மக்களே பயிற்சி பெற்று, தத்தம் தெருவில் நோயுற்றோரைத் தேடிச் சென்றனர். 2003-இல் டாக்டர் ராஜகோபால் திருவனந்தபுரத்தில் 'பாலியம் இந்தியா' அமைப்பைத் தொடங்கினார். பாலியம் என்னும் லத்தீன் சொல்லுக்கு மேலாடை என்பது பொருள். குளிரில் நடுங்கும் உடலுக்கு மேலாடை போல, துயருற்ற குடும்பத்துக்கு இப்பணி. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. இந்திய மாநிலங்களுள் அதுவே முதன்மை. உள்ளாட்சி மன்றங்களின் பொருளுதவியால் செவிலியர் வீடுவீடாகச் செல்லலாயினர்.

குழந்தைகளின் நிலை தனித்தன்மை உடையது. அவர்களை வருத்துவது புற்றுநோய் மட்டுமன்று. மூளை வாதம், தசைச் சிதைவு, பிறவி இதயக் குறை, இரத்த நோய்கள் எனப் பல உண்டு. 'எங்கே வலிக்கிறது' என்று சொல்லத் தெரியாத குழந்தைக்குச் சிரிக்கும் முகமும் அழும் முகமும் வரைந்த படத்தைக் காட்டி வலியை அளப்பர். மருந்தின் அளவை எடை பார்த்துக் கணிப்பர். நோய் அறியப்பட்ட நாளிலேயே இப்பணி தொடங்கவேண்டும், நோய் தீர்க்கும் மருத்துவத்தோடு கூடவே நடைபெற வேண்டும், குழந்தையின் வீட்டிலும் நடைபெறலாம் என உலக சுகாதார நிறுவனம் 1998-இல் வகுத்துரைத்தது. ஆகவே, இது கைவிடப்பட்டோர்க்கு உரியது என எண்ணுதல் பிழை.

கடும் வலிக்கு உற்ற மருந்தாகிய மார்பின், 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாடுகளால் மருத்துவமனைகளுக்கே அரிதாயிற்று. நெடுநாள் முயற்சிக்குப்பின் 2014-இல் அச்சட்டம் திருத்தப்பெற்றது.

ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நாம், சிகிச்சைக்குச் செல்வோரின் கட்டணச் சலுகைப் படிவங்களைக் காண்பதுண்டு. வயதுக்குரிய கட்டத்தில் 5 என்றும் 7 என்றும் கண்டால் பேனா சற்றே நின்றுவிடும். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் இந்நகருக்கு வருவோர் நம்மவரே. இங்கேயே வாழும் நம் குடும்பங்களிலோ, 'மூத்தவளின் திருமணம் தடைப்படுமே' என்று அஞ்சி, நோயுற்ற குழந்தையை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. வீடு தேடி வரும் செவிலியரிடம் மலையாளத்தில் மனத்துயரை எடுத்துரைக்க இயலாத தாய்மாரும் நம்மிடையே உளர்.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அருகிருந்து பணிபுரிவோரையும் ஒரு கூறாக வைத்தார். முதல் மூன்றும் இந்நகரில் உள. நான்காவது இடத்தில் நாம் நிற்றல் வேண்டும். சங்கத்து அன்பர்களுள் ஐவர் பயிற்சி பெற முன்வந்தால் போதும். செவிலியரோடு சென்று தாயிடம் தமிழில் பேசவும், அவள் ஒருமணி நேரம் உறங்கும்வரை குழந்தைக்குக் கதை சொல்லவும், பள்ளி செல்லும் உடன்பிறந்தாரின் பாடத்தைக் கவனிக்கவும் அவர்களால் இயலும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மூடிய கதவைத் தட்டும் மனம் ஒன்றே வேண்டும். அடுத்த ஆண்டு மலரில் அவ்வைவரின் பணியையும் இவ்வரலாற்றோடு சேர்த்து எழுதும் பேறு நமக்கு வாய்க்குமாக!