தோள்சீலையும் நிழற்படமும்

பாறசாலையில் பழந்துணி விற்கும் முதியவர் ஒருவர், ஒருநாள் மங்கிப்போன நேரியல் ஒன்றை விரித்துக் காட்டினார். அதே குவியலில் கண்ணாடிச் சட்டமிட்ட பழைய நிழற்படம் ஒன்றும் கிடந்தது. நீண்ட கையுடைய சட்டையணிந்து, தோளில் துணி சார்த்தி, அம்மையார் ஒருவர் நாற்காலியில் நிமிர்ந்து வீற்றிருந்தார். “அந்தக் காலத்துப் பேஷன் சார்” என்றார் வணிகர். பேஷன் என்பது விருப்பத்தால் மாறுவது. இம்மண்ணில் ஆடை விருப்பத்தாலா மாறிற்று என்று என் உள்ளம் வினவிற்று.

பழைய திருவிதாங்கூரில் யார் எதனை உடுத்தலாம் என்பதைச் சாதி வழக்கமும் அரசாணையும் வகுத்திருந்தன. மார்பை மூடாதிருத்தல் மேலோர்க்குக் காட்டும் பணிவாகக் கொள்ளப்பட்டது. நாடார் முதலிய குலப் பெண்டிர்க்குத் தோள்சீலை மறுக்கப்பட்டது. ஆடவர்க்கும் இத்தகைய தடைகள் இருந்தன. தம் அடியார்களைத் தலைப்பாகை அணிந்து வழிபடச் செய்தார் சாமிதோப்பு அய்யா வைகுண்டர். அத்தலைப்பாகையின் பொருள் இப்பின்னணியில்தான் விளங்கும்.

கர்னல் மன்றோவின் காலத்தில் கிறித்தவம் தழுவிய பெண்கள் மேலாடை அணிய இசைவு கிடைத்தது. ஆயின் 1829 பிப்ரவரியில் வந்த அரச அறிவிப்பு, குப்பாயத்தை ஏற்றுத் தோள்சீலையைத் தடுத்தது. 1858 இறுதியிலும் 1859 தொடக்கத்திலும் கலவரம் மூண்டது. நெய்யாற்றின்கரை வட்டமும் இப்போராட்டம் பரவிய பகுதியே. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் வற்புறுத்தவே, உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1859 ஜூலை 26இல் புதிய அறிவிப்பை வெளியிட்டார். நாடார் பெண்டிர் மார்பை மூடலாம். ஆனால் உயர்குலப் பெண்டிர் அணியும் முறையில் அன்று! கதவைத் திறந்தபோதும் தாழ்ப்பாளை முற்றும் நீக்க அரசுக்கு மனம் வரவில்லை.

இதே வட்டத்தில்தான் பலராமபுரம் உள்ளது. பலராம வர்மாவின் ஆட்சியில் (1798–1810) தமிழ்ப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர்கள் அங்குக் குழித்தறிகளில் மெல்லிய ஆடை நெய்தனர். மேலாடை நெய்யும் ஊருக்கு அருகிலேயே, மேலாடை மறுக்கப்பட்ட பெண்கள் வாழ்ந்தனர்.

இனி, நிழற்படத்திற்கு வருவோம். 1839இல் பிரான்சில் டாகுவேரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1856இல் சென்னையில் நிழற்படக் கழகம் தோன்றியது. எளிய மக்களின் இல்லங்களுக்குப் படக்கலை வந்து சேர்ந்தபோது, தோள்சீலைப் போராட்டம் முடிந்து நெடுங்காலமாகியிருந்தது. ஆகவே கிழிக்கப்பட்ட சீலைகளுக்குப் படச்சான்று இல்லை. நம்மிடம் இருப்பவை, பின்வந்த தலைமுறையினர் உடுத்து அமர்ந்த படங்களே. அவற்றையும் அப்படியே நம்புதற்கில்லை. படநிலையங்களில் கோட்டும் பிறவும் இரவலாகக் கிடைத்ததுண்டு. ஒருநாள் உடை அன்றாட உடையாகாது. எவரோடு, எப்போது, எதற்காக எடுத்தனர் என்பதை அறிந்தாலன்றிப் படம் ஊமையே.

1956 நவம்பர் 1இல் கல்குளம், விளவங்கோடு முதலிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே போராட்டத்தின் வாரிசுகள் இரு மாநிலங்களின் பாடநூல்களைப் படிக்கலாயினர். மத்தியப் பாடநூலிலிருந்தும், சாதியையும் ஆடையையும் பற்றிய பகுதி 2019இல் நீக்கப்பட்டது. நூல் கைவிட்டதை இல்லம் காக்க வேண்டாமா?

ஊர்விட்டு ஊர் குடிபெயரும் நம் குடும்பங்கள் முதலில் கழித்துவிடுபவை பழந்துணிகளும் பூசணம் படிந்த படங்களுமே. அவற்றை எறியுமுன் வீட்டு மூத்தோரிடம் கேளுங்கள். படத்தின் பின்புறம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள்.

நான் கண்ட அந்த அம்மையாரின் பெயரை வணிகரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. தோளில் சார்த்திய துணியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன.