கொசுவமும் கட்டமும்: பழைய ஓவியங்கள் காட்டும் ஸ்காட்லாந்து கில்ட்

ஸ்காட்லாந்தின் கில்ட் தொன்மையான உடையா, பிற்காலப் புனைவா என்ற விவாதம் நாற்பது ஆண்டுகளாக ஓயவில்லை. அதைக் கூர்மையாக்கியவர் வரலாற்றாசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பர். இன்று நாம் காணும் குட்டைக் கில்ட்டும், குலத்துக்கொரு டார்டன் (கட்டம் போட்ட கம்பளித் துணி) என்ற வழக்கமும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் உருவானவை என்று 1983இல் வெளிவந்த கட்டுரையில் அவர் வாதிட்டார். அவருக்குச் சார்பாகவும் எதிராகவும் எழுதியவர்கள் பெரும்பாலும் கடிதங்களையும் சட்டங்களையும் பயணக் குறிப்புகளையுமே ஆராய்ந்தனர். ஓவியங்கள் அந்த நூல்களில் விளக்கப் படங்களாக மட்டும் நின்றுவிட்டன.

இக்கட்டுரை ஓவியங்களையே சான்றாகக் கொள்கிறது. அவற்றைப் பார்க்கும்போது இரண்டு செய்திகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும்: ஒன்று, துணியை உடுத்தும் முறை, மற்றொன்று, துணியில் நெய்த கட்டம். முன்னது பழையது, குலத்தோடு பிணைந்த கட்டம் புதியது. ஹைலாண்ட்ஸ் என்னும் மலைநாட்டின் மக்களை நெடுங்காலம் அடையாளம் காட்டியது உடுத்தும் முறையே என்பது என் வாதம்.

1. உடுத்தும் முறை

பழைய கில்ட்டின் கேலிக் மொழிப் பெயர் ஃபீலா மோர். பெரிய சுற்று என்று பொருள். தறியின் அகலம் குறைவாக இருந்ததால் இரண்டு கம்பளித் துண்டுகளை நீளவாக்கில் இணைத்து ஒரே துணியாக்குவார்கள். அதன் பிறகு வெட்டுவதும் இல்லை, தைப்பதும் இல்லை. பின்புறத்தில் கொசுவி, முன்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, இடைவாரால் இறுக்குவார்கள். கீழ்ப்பாதி முழங்கால்வரை தொங்கும். மேல்பாதியைத் தோளில் ஏற்றிச் செருகுவார்கள். மழை வந்தால் தலைக்கு இழுத்துக்கொள்வார்கள். இரவில் வாரை அவிழ்த்தால் அதே துணி போர்வையாகிவிடும்.

1594இல் அயர்லாந்தில் போரிடச் சென்ற ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுப் படையினரைப் பற்றிய ஐரிஷ் பதிவு ஒன்று, அவர்கள் பலநிறப் போர்வைக்கு வெளியே இடைவார் கட்டியிருந்ததைக் குறிப்பிடுகிறது. ஐரிஷ்காரர்களுக்கு நடுவே அவர்களை வேறுபடுத்திக் காட்டியவற்றுள் இதுவும் ஒன்று. போர்வை இருசாராருக்கும் உண்டு. வார் கட்டிய விதம்தான் வேறு.

இந்த உடையை முழு உருவமாகக் காட்டும் மிகப் பழைய உருவப்படம், ஜான் மைக்கேல் ரைட் 1683ஆம் ஆண்டளவில் தீட்டிய மங்கோ மரே பிரபுவின் படம். எடின்பரோவின் ஸ்காட்டிஷ் தேசிய உருவப்படக் கூடத்தில் அது இருக்கிறது. 1668இல் பிறந்த மங்கோ அப்போது பதினைந்து வயதுச் சிறுவன். அத்தோல் மார்க்வெஸின் மகன். இடுப்புக்கு மேலே அவன் அணிந்திருப்பது ஐரோப்பிய அரசவைக்கு ஏற்ற பூவேலைச் சட்டை. இடுப்புக்குக் கீழே மலைநாடு. இடைவாருக்கு அடியில் துணி தடித்த மடிப்புகளாகச் சரிகிறது. தைத்த ஆடைக்குரிய ஒழுங்கு அதில் இல்லை, கையால் கொசுவிய துணிக்கே உரிய ஏற்ற இறக்கம் இருக்கிறது. எஞ்சிய துணியின் கனம் தோளிலும் முதுகிலும் தெரிகிறது. கட்டியவனின் கைப்பழக்கத்தை ஓவியர் உற்றுப் பார்த்திருக்கிறார்.

டிரெவர்-ரோப்பர் ஃபீலா மோரின் பழமையை மறுக்கவில்லை. மேல்பாதியை நீக்கிய குட்டைக் கில்ட்டை, 1720களின் இறுதியில் கிளென்கேரி பகுதியில் இரும்பு உலை நடத்த வந்த தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர் உருவாக்கினார் என்பதே அவர் கூற்று. அதற்கு ஆதாரம் 1785இல் அச்சான ஒரு கடிதம். அதை அப்படியே ஏற்றாலும், ராலின்சன் செய்தது ஒரு குறைப்புதான். வாருக்குக் கீழே இருந்த கொசுவமும் முழங்கால் அளவும் அவருக்கு முந்தியவை. அதற்கு மங்கோவின் படமே சாட்சி.

2. கட்டம்

குலத்துக்கொரு கட்டம் என்ற வழக்கம் பழையதானால், ஒரு குலத்தின் படங்களில் ஒரே கட்டம் தோன்ற வேண்டும். இதைச் சோதிக்கக் கிராண்ட் குலத்தின் படங்களே ஏற்றவை. 1704இல் அக்குலத் தலைவர், தம் ஆட்கள் சிவப்பும் பச்சையும் கலந்த டார்டன் உடையோடு வரவேண்டும் என்று ஆணையிட்டார். பத்தாண்டு கழித்து, 1714இல், ரிச்சர்ட் வெயிட் அதே குலத்தின் குழலிசைஞரையும் மல்லரையும் தீட்டினார். குழலிசைஞரின் பைக்குழலில் தலைவரின் சின்னம் பொறித்த கொடி தொங்குகிறது. ஆனால் இருவர் உடுத்திய கட்டங்களும் வேறுவேறு. சேர்ந்த இடத்தைச் சொல்லும் வேலையைக் கொடி செய்தது. 1704 ஆணை ஒரு தலைவர் தம் ஆட்களுக்கு விதித்த சீருடை என்ற அளவில் நின்றுவிட்டது.

ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணையில் ஏற்றக் கிளர்ந்தவர்களை அரசுப் படை முறியடித்த கல்லோடன் போர் 1746 ஏப்ரல் 16இல் நடந்தது. அதைக் காட்டும் டேவிட் மோரியரின் ஓவியம் அரச சேகரிப்பில் உள்ளது. அதில் பாய்ந்து வரும் மலைநாட்டு வீரர்கள் ஒரு கைவிரல் கணக்கில் அடங்காவிட்டாலும் பத்துப் பேர்கூட இல்லை. அவர்கள் உடலில் இருக்கும் கட்டங்களோ இருபதுக்கு மேல். ஒரே வீரனின் சட்டையில் ஒரு கட்டம், கில்ட்டில் வேறொன்று, காலுறையில் இன்னொன்று. அன்று மலைநாட்டார் இரு தரப்பிலும் போரிட்டனர். ஸ்டூவர்ட் தரப்பினரை அறிய உதவியது தொப்பியில் செருகிய வெள்ளை ரிப்பன் முடிச்சு.

ஓவியர் கையில் கிடைத்த துணியை மாதிரிகளுக்கு உடுத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வில்லியம் மாஸ்மன் தீட்டியதாகக் கருதப்படும் 1749ஆம் ஆண்டளவுப் படத்தையும் பார்க்க வேண்டும். ஸ்கை தீவின் மெக்டொனால்ட் சகோதரர்கள் இருவர், ஒருவன் துப்பாக்கியோடும் மற்றவன் கோல்ஃப் மட்டையோடும் நிற்கிறார்கள். ஒரே வீட்டுச் சிறுவர்கள். உடைகளிலோ பல கட்டங்கள். பணம் கொடுத்துப் படம் வரையச் சொன்ன குலத் தலைமைக் குடும்பத்துக்கே அது குறையாகப் படவில்லை. ஓவியர்கள் வேறு, காலம் வேறு, படம் கேட்டவர்கள் வேறு. சான்று மட்டும் ஒன்றாக இருக்கிறது.

3. தடையும் பின்விளைவும்

கல்லோடனுக்குப் பின் மலைநாட்டு உடைக்கு எதிராக அரசு 1746இல் இயற்றிய தடைச் சட்டம் 1747 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்து, 1782வரை நீடித்தது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை. மீண்டும் செய்தால் ஏழாண்டு நாடுகடத்தல். அச்சட்டம் உடைகளை வகைவகையாகப் பெயர் சொல்லித் தடுத்தது: பெரிய போர்வை, குட்டைக் கில்ட், இறுக்கமான கால்சட்டை, தோள்வார். டார்டன் துணியை மேலங்கிக்குப் பயன்படுத்துவதையும் தடுத்தது. எந்தக் குலத்தின் கட்டத்தையும் அது குறிப்பிடவில்லை. எதிரியின் அடையாளத்தை அழிக்க முனைந்த அரசும் அதை உடுத்தும் முறையில்தான் கண்டது.

படைவீரர்களுக்கு விலக்கு இருந்தது. அதனால் கில்ட் படைச் சீருடையாகப் பிழைத்தது. 1765-66இல் ரோம் நகரில் பொம்பேயோ பட்டோனி தீட்டிய கர்னல் வில்லியம் கோர்டனின் படம் ஃபைவி கோட்டையில் உள்ளது. கொலோசியம் பின்னே நிற்க, கோர்டன் தன் துணியை ரோமானியர் டோகாபோல் உடல்மேல் வளைத்திருக்கிறார். சுற்றி உடுத்தும் துணி என்பதால்தான் பட்டோனியால் அதைப் பழைய ரோமோடு இணைக்க முடிந்தது.

1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வரவேற்பை வகுத்த நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் நகரையே டார்டனால் நிறைத்தார். டேவிட் வில்கி தீட்டிய மன்னரின் படத்தில் சிவந்த டார்டன் கண்ணை நிறைக்கிறது. இங்கே கில்ட் தைத்த அரச உடை. மழைக்கும் இரவுக்கும் பயன்பட்ட துணி அலங்காரமாகிவிட்டது. குலவாரியான கட்டப் பட்டியல்கள் பெருகியது இதை ஒட்டிய காலத்தில்தான்.

ஆகவே டிரெவர்-ரோப்பரின் வாதத்தில் பாதி நிலைக்கிறது: குலக் கட்டம் பிற்காலத்தது. ஆனால் அதைக் கொண்டு உடை முழுவதையும் புனைவு என்று தள்ளுவது, அதை நூற்றாண்டுகளாக உடுத்திய ஏழை மேய்ப்பர்களுக்கும் வீரர்களுக்கும் செய்யும் அநீதி. விடியலில் ஈரத் தரையில் துணியை விரித்து, கொசுவி, வாரை இறுக்கி எழுந்தவர்களின் கைத்திறனே அந்த மரபு. அதன் தடயத்தைத் தேடுபவர் மங்கோ மரேயின் இடைவாருக்குக் கீழே பார்க்கட்டும்.